எண்ணுவதற்கு இடம் உண்டு, போடுவதற்கு இல்லை

வெள்ளிக்கிழமை காலை எங்கள் கல்லூரி மைதானத்தில் ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள் வலது கையை நீட்டி வெயிலில் நின்றார்கள். இந்த ஆண்டு ஜனவரி 25 ஞாயிற்றுக்கிழமை. அதனால் தேசிய வாக்காளர் தின உறுதிமொழியை முன்கூட்டியே எடுத்துவிட்டோம். மைக்கைப் பிடித்து வாசித்தது நான். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் என்பதால் நான்கு வருடமாக இது என் வேலை. சாதி, மதம், மொழி பார்க்காமல், யார் காட்டும் ஆசைக்கும் மசியாமல் எல்லாத் தேர்தலிலும் ஓட்டுப் போடுவோம் என்ற பொருள்பட வரும் அந்த வாசகத்தை நான் துண்டு துண்டாகச் சொல்ல, பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். நன்றாகத்தான் சொன்னார்கள். படம் எடுத்து மேலே அனுப்பியாயிற்று.

கலைந்து போகும்போது இரண்டாம் ஆண்டு கணிதம் படிக்கும் பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். தர்மபுரி மாவட்டத்துப் பெண், விடுதியில் இருக்கிறாள். "மேம், எனக்கு ஓட்டு ஊர்ல. தேர்தல் வர்றப்ப இங்க செமஸ்டர் இருக்கும். எல்லாத் தேர்தல்லயும் போடுவேன்னு இப்ப கை நீட்டிச் சொல்லிட்டேனே, அது பொய் சொன்ன மாதிரி ஆயிடுமா மேம்?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. நேற்றிலிருந்து அந்தக் கேள்விதான் மனசைக் குடைந்துகொண்டிருக்கிறது. பொய் சொன்னது அவளா, அவளைச் சொல்ல வைத்த நாங்களா?

வாக்குரிமை வயதை 21-லிருந்து 18 ஆகக் குறைத்த 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1989-இல் நடைமுறைக்கு வந்தது. அது நடந்து முப்பத்தேழு வருடம் ஆகப்போகிறது. பதினெட்டு என்பது என்ன வயது? பிளஸ் டூ முடித்த பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிற வயது. உரிமை கைக்கு வருகிற அதே வருடம் பிள்ளை ஊரைவிட்டுப் போய்விடுகிறது. ஓட்டு ஒரு ஊரில், ஆள் ஒரு ஊரில். அதுவும் தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயது வரையுள்ளவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் இருப்பவர்கள் நூற்றுக்கு 47 என்று 2021-22-க்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வு சொன்னது. பெரிய மாநிலங்களில் நாம்தான் முன்னால் நிற்கிறோம் என்று மேடைக்கு மேடை பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அத்தனை பிள்ளைகளைப் படிக்க வெளியூர் அனுப்பிய நாம், அவர்கள் ஓட்டை எப்படிப் போடுவார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தோமா?

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. மாநிலத்தின் 39 தொகுதிகளுக்கும் ஒரே நாளில் மக்களவைத் தேர்தல். எங்கள் கல்லூரியில் மறுநாள் சனிக்கிழமை இன்டர்னல் தேர்வு. தள்ளி வையுங்கள் என்று நாங்கள் சிலர் கேட்டோம். 'தேர்தலுக்குத்தான் ஒரு நாள் லீவு விட்டாச்சே' என்று பதில் வந்தது. அந்த ஒரு நாள் லீவு உள்ளூர்க்காரருக்குப் போதும். தெருமுனைப் பள்ளிக்கூடம்வரை நடந்து போய், போட்டுவிட்டு வந்து சாப்பிட்டுத் தூங்கலாம். ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கோவைக்குப் படிக்க வந்த பெண்ணுக்கு அந்த ஒரு நாள் எந்த மூலைக்கு?

அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். வியாழக்கிழமை மாலை விடுதியில் அவுட் பாஸ் வாங்குவதற்கே ஏழு மணி ஆகிவிட்டது. அப்பா போன் செய்து வார்டனிடம் பேச வேண்டும், அப்பா கடலுக்குப் போயிருந்தார், அம்மா பேசினால் செல்லாது என்றார்கள். கடைசியில் மாமா பேசினார். சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் நான்கு மதுரை பஸ்ஸை விட்டுவிட்டு ஐந்தாவதில் ஏறினாள். மதுரைவரை நின்றுகொண்டே போனாள். அங்கிருந்து ராமநாதபுரம், ராமநாதபுரத்திலிருந்து ஊர்ப் பேருந்து. காலை ஒன்பது மணிக்கு வீடு. பல் விளக்கி, ஒரு டீ குடித்து, பத்தரைக்கு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டாள். அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாராம். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி பஸ்ஸுக்குத் திரும்ப ஓட்டம். சனிக்கிழமை காலை கண் சிவந்து, சுடிதார் கசங்கி, தேர்வு அறையில் என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். விடைத்தாளில் கையெழுத்து வாங்க நான் குனிந்தபோது இடது கை ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினாள். மை அப்படியே இருந்தது. போக வர எழுநூறு ரூபாய்க்கு மேல் ஆனது என்று பிறகு சொன்னாள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வருகிற ஆயிரம் ரூபாயிலிருந்து எடுத்த காசு. அந்த மாதம் நோட்டு வாங்க என்னிடம் கடன் கேட்டாள்.

அவள் இருந்த தளத்தில் ஓட்டுள்ள பிள்ளைகள் முப்பது பேர் இருந்திருப்பார்கள். ஊருக்குப் போனது நாலு பேர். மீதிப் பேர் டிவி அறையில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓட்டுப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாநிலத்தில் 69.72 சதவீதம் பதிவானது. மறுநாளே தொடங்கிவிட்டார்கள். மிச்ச முப்பது சதவீதம் எங்கே போனது, இளைஞர்களுக்குப் பொறுப்பில்லை, ரீல்ஸ் பார்க்க நேரம் இருக்கிறது ஓட்டுப் போட நேரமில்லை என்று டிவியில் ஆளாளுக்குத் திட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. இரவு முழுக்க நின்றுகொண்டு போய் ஓட்டுப் போட்ட ஒருத்தியை நான் பார்த்தவள். போக முடியாமல் முகம் சுண்டி உட்கார்ந்திருந்த இருபத்தாறு பேரையும் பார்த்தவள். அவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வருகிறது?

இதில் என் கதையையும் சொல்ல வேண்டும். அந்தத் தேர்தலில் எனக்கு வாக்குச்சாவடிப் பணி. என் ஓட்டு பொள்ளாச்சித் தொகுதியில், வேலை போட்டது கோவைத் தொகுதியில். பணி ஆணை வந்தபோதே படிவம் 12-ஐக் கையில் கொடுத்துவிட்டார்கள். நிரப்பி, வாக்காளர் அட்டை நகலோடு கொடுத்தேன். பயிற்சி வகுப்பு நடந்த இடத்திலேயே வாக்காளர் உதவி மையம் என்று ஓர் அறை. உள்ளே போனால் என் பெயர் பட்டியலில் இருக்கிறது. பொள்ளாச்சித் தொகுதியின் அஞ்சல் வாக்குச்சீட்டு எனக்காகக் காத்திருக்கிறது. 13ஏ உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டேன், அங்கேயே உட்கார்ந்திருந்த அதிகாரி சான்றொப்பமிட்டார். மறைவுத் தட்டிக்குப் பின்னால் போய்ச் சீட்டில் குறியிட்டு மடித்துச் சிறிய உறையில் வைத்து, அதைப் பெரிய உறையில் வைத்து ஒட்டிப் பெட்டியில் போட்டேன். பத்து நிமிஷம். ஒரு ரூபாய் செலவில்லை. உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர். என்னை அங்கே மரியாதையோடு நடத்தினார்கள், மறுக்கவே மாட்டேன்.

பெட்டியில் உறையைப் போட்டுவிட்டு வெளியே வந்தபோதுதான் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. ஒரு தொகுதியில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு தொகுதிக்கு ஓட்டுப் போட முடியுமா? முடியும். இதோ நான் போட்டுவிட்டேன். என்னைப் போல மாநிலம் முழுக்க ஆயிரமாயிரம் பேர் போட்டார்கள். அந்த உறைகளைத் தொகுதிவாரியாகப் பிரித்து உரிய தேர்தல் அலுவலரிடம் சேர்க்கிற ஏற்பாடு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பாடம் நடத்துகிறவளுக்கு உள்ள வழி அந்தப் பாடத்தைக் கேட்கிறவளுக்கு ஏன் இல்லை?

யார் யாருக்கெல்லாம் அஞ்சல் ஓட்டு உண்டு என்று பாருங்கள். ராணுவத்தில் இருப்பவர்களுக்கு உண்டு, 2016-லிருந்து வாக்குச்சீட்டை மின்னணு வழியிலேயே அனுப்பிவைக்கிறார்கள். தேர்தல் பணியில் இருப்பவர்களுக்கு உண்டு. 85 வயது தாண்டியவர்களுக்கும், 40 சதவீதத்துக்குக் குறையாத உடல் குறைபாடு உள்ளவர்களுக்கும் வீடு தேடியே வருகிறார்கள். தடுப்புக் காவலில் இருப்பவருக்குக்கூட உண்டு. ஒவ்வொன்றும் நியாயம்தான், ஒன்றைக்கூட நான் குறை சொல்லவில்லை. காஷ்மீரைவிட்டு வந்த பண்டிட் குடும்பங்களுக்காக ஜம்முவிலும் உதம்பூரிலும் டெல்லியிலும் தனி வாக்குச்சாவடி வைக்கிறார்கள். 2024-இல் மணிப்பூரில் நிவாரண முகாம்களில் இருந்தவர்களுக்கு முகாமிலேயே வாக்குச்சாவடி வைத்தார்கள். அருணாசலப் பிரதேசத்தில் மாலோகம் என்ற இடத்தில் ஒரே ஒரு பெண் வாக்காளருக்காகத் தேர்தல் ஊழியர்கள் இயந்திரத்தைச் சுமந்து மலையேறிப் போனார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஒரு ஓட்டுக்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்கிற நாடு இது. அதே நாட்டில் ஒரே கட்டடத்தில் நானூறு ஓட்டு தூங்கி எழுந்து படித்துக்கொண்டிருக்கிறது, யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மலையும் ஏற வேண்டாம், லிஃப்ட் இருக்கிறது.

அட, கல்லூரிக்கும் தேர்தலுக்கும் சம்பந்தமே இல்லை என்றாலாவது மனசு ஆறும். சம்பந்தம் இருக்கிறதே! 2024-இல் சென்னையில் மூன்று தொகுதி ஓட்டும் எண்ணப்பட்டது எங்கே? வடசென்னைக்கு ராணி மேரி கல்லூரி, மத்திய சென்னைக்கு லயோலா, தென்சென்னைக்கு அண்ணா பல்கலைக்கழகம். கோவைக்கு தடாகம் சாலை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. ஏப்ரல் 19 இரவு இயந்திரங்கள் கல்லூரிகளுக்குள் வந்து பூட்டப்பட்டன. ஜூன் 4 எண்ணும்வரை நாற்பத்தாறு நாள் துப்பாக்கி ஏந்திய காவலோடு அங்கேயே இருந்தன. பயிற்சி வகுப்பு நடத்தக் கல்லூரி வேண்டும். ஓடியாட நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் வேண்டும். விழிப்புணர்வுப் பேரணிக்குப் பதாகை பிடிக்க அவர்கள் வேண்டும், கோலம் போட அவர்கள் வேண்டும், வெயிலில் மனிதச் சங்கிலி நிற்க அவர்கள் வேண்டும். தேர்தல் கல்வி மன்றம் என்று கல்லூரிதோறும் ஒன்று வைத்திருக்கிறோம், எங்கள் கல்லூரியில் அதற்கும் நான்தான் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் வேண்டும். அவர்கள் ஓட்டு மட்டும் வேண்டாமா?

விதியே இல்லை என்று யாரும் தப்பிக்க முடியாது. விதி இருக்கிறது. வெளியூரில் தங்கிப் படிக்கிற மாணவர் தன் பெயரைப் பெற்றோர் வீட்டு முகவரியிலும் சேர்க்கலாம், விடுதி முகவரியிலும் சேர்க்கலாம், விருப்பம் அவருடையது என்று தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அங்கீகரிக்கப்பட்ட படிப்பாக, ஒரு வருடத்துக்குக் குறையாத படிப்பாக இருக்க வேண்டும். இவர் இங்கே படிக்கிறார், இங்கே தங்கியிருக்கிறார் என்று கல்லூரி முதல்வர் ஒரு சான்று கொடுத்தால் போதும். புதிதாகச் சேருகிறவர் படிவம் 6, ஏற்கெனவே ஊரில் பெயர் உள்ளவர் படிவம் 8. அவ்வளவுதான். இதைக் கேட்கும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

அந்தச் சான்றுக்கு எங்கள் ஊர் பாஷையில் போனஃபைடு என்று பேர். அதை வாங்கிப் பாருங்கள், தெரியும். போன வாரம் இரண்டு பையன்களை அலுவலக ஜன்னலுக்கு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள், ஓட்டுக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். நானே போனேன். எழுத்தர் பொறுமையான மனிதர், கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "மேடம், பஸ் பாஸ், ஸ்காலர்ஷிப், பேங்க் லோன், பாஸ்போர்ட். இந்த நாலுக்குத்தான் ஃபார்மேட் இருக்கு. ஓட்டுக்குன்னு எதுவும் இல்லைங்களே." ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க ஐந்து நிமிஷம் ஆகாது. அதற்கு முதல்வர் ஒப்புதல் வேண்டும், முதல்வர் நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இரண்டு பையன்களில் ஒருவனுக்கு ஃபீஸ் பாக்கி. பாக்கி இருந்தால் எந்தச் சான்றும் கிடையாது என்பது வழக்கம். வழக்கம் என்றால் வழக்கம்தான், யாரும் எழுதி வைத்ததில்லை. கல்விக் கட்டணம் கட்டாதவன் குடிமகன் இல்லையா? அவன் அப்பா மஞ்சள் விற்ற காசு வராமல் ஈரோட்டில் அலைந்துகொண்டிருக்கிறார். அந்தப் பாக்கிக்கும் அவன் ஓட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?

பெற்றோரையும் சொல்ல வேண்டும். குற்றம் சொல்வதற்காக இல்லை, அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அந்த ராமநாதபுரத்துப் பெண்ணின் அப்பாவிடம், பேசாமல் இங்கேயே மாற்றிவிடலாமே என்று போனில் சொன்னேன். "டீச்சரம்மா, ஊர்ல இருக்கிற ஓட்ட ஏன் மாத்தணும்? ரேசன் கார்டுல பேர எடுத்துருவாகளா? நாளைக்கு ஒரு சர்டிபிகேட்டுன்னு போயி நின்னா, நீ இந்த ஊரே இல்லைன்னுருவாக" என்றார். ரேசன் கார்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று விளக்கினேன். கொஞ்சம் சமாதானமானார். பிறகு அவர் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. "சரி டீச்சர், பஞ்சாயத்து எலெக்சன் வந்தா அவ இங்க போடலாமா?" போட முடியாது. உள்ளாட்சித் தேர்தல் பட்டியலும் சட்டமன்றப் பட்டியலை வைத்துத்தான் தயாராகிறது. அங்கே பெயர் போனால் இங்கேயும் போச்சு. படகுத்துறைக்கு வெளிச்சம் வருமா, குடிதண்ணீர்த் தொட்டி கட்டுவார்களா என்பதெல்லாம் அந்தப் பஞ்சாயத்தில்தானே இருக்கிறது. ஒரு மீனவர் தன் மகளின் ஓட்டு ஊரில் இருக்க வேண்டும் என்று நினைத்தால் அது அறியாமை இல்லை. அதனால்தான் சொல்கிறேன், இங்கே பதிவு செய்கிற வழி மட்டும் போதாது. இங்கிருந்தபடி ஊருக்குப் போடுகிற வழியும் வேண்டும். எது வேண்டுமென்று பிள்ளை முடிவு செய்யட்டும்.

உள்ளூரில் பெயர் சேர்த்தால் மட்டும் வரவேற்பா இருக்கிறது? போன தடவை நாற்பது பிள்ளைகளின் விண்ணப்பத்தைக் கொண்டுபோனபோது ஒரு கட்சியின் வாக்குச்சாவடி முகவர் என்னை வழியில் நிறுத்தினார். நல்ல மனிதர், தெரிந்தவர்தான். "ஏனுங் மேடம், மூணு வருசத்துல போற பிள்ளைங்க. நம்மூரு எம்.எல்.ஏ. யாருன்னு அவுங்க எதுக்குங் முடிவு பண்ணோணும்?" அவர் கேட்டது புதிய கேள்வி இல்லை. அமெரிக்காவில், டெக்சாஸில், ப்ரெய்ரி வியூ என்ற ஊரில் கறுப்பின மாணவர்கள் படிக்கிற கல்லூரி இருக்கிறது. 1970-களில் அவர்கள் பெயரைச் சேர்க்கப் போனால் அந்த மாவட்டத்துப் பதிவு அதிகாரி ஒரு கேள்வித்தாளை நீட்டுவார். இங்கே சொத்து இருக்கிறதா, படிப்பு முடிந்து இங்கேயே இருப்பாயா என்றெல்லாம் கேள்வி. வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம்வரை போய் 1979-இல் மாணவர்கள் பக்கம் முடிந்தது. அங்கே நீதிமன்றம் ஏறி வாங்கியதை நம் வழிகாட்டுதல் சும்மாவே தருகிறது. தருகிறதைக் கையில் வாங்க முடியவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அந்த முகவருக்கு அன்று நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். வருடத்தில் பத்து மாதம் இந்தப் பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். இந்த ஊர்த் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். விடுதி வாசலிலிருந்து பஸ் ஸ்டாப்வரை முக்கால் கிலோமீட்டர், தெருவிளக்கு மூன்றில் இரண்டு எரியாது. அந்த இருட்டில் கூட்டமாகக் கை கோத்து நடந்து வருகிறவர்கள் அவர்கள். எட்டு மணிக்கு மேல் பஸ் இல்லாமல் போனால் அவர்களுக்குத்தான் பிரச்சினை. அவர்களுக்கு இந்த ஊரில் ஓட்டு இருந்திருந்தால் அந்த விளக்கு இரண்டு வருடமாக இப்படிக் கிடக்குமா?

இவ்வளவையும் தாண்டிப் பெயர் சேர்த்தவர்களுக்குக் கடைசியில் நடந்ததைக் கேளுங்கள். 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. பட்டியலில் உள்ள முகவரிக்குப் படிவம் வரும், நிரப்பித் தர வேண்டும். எங்கள் விடுதிக்கு வந்த பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், ஓர் அங்கன்வாடிப் பணியாளர். காலையில் குழந்தைகளுக்கு முட்டை வேகவைத்துக் கொடுத்துவிட்டு வெயிலில் படிவக் கட்டோடு அலைந்த அந்த அம்மாவை நான் குறை சொல்லவே மாட்டேன். அவர் வந்தது பகல் பதினோரு மணிக்கு. பிள்ளைகள் வகுப்பில். காவலாளி "யாரும் இல்லைங்" என்றார். இன்னொரு நாள் வந்தார், அப்போதும் வகுப்பு. அடுத்து தேர்வு தொடங்கிவிட்டது. வீட்டில் இருப்பவர்களுக்கென்றால் ஆள் இல்லாவிட்டாலும் குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். விடுதியில் யார் குடும்பம்? ஊரில் அம்மா அப்பாவிடம் படிவம் போயிற்று, ஆனால் பெயரை இங்கே மாற்றிக்கொண்ட பிள்ளைக்கு அங்கே படிவம் இல்லை. டிசம்பர் 19-இல் வரைவுப் பட்டியல் வந்தபோது மாநிலம் முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் என்று கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்கில், நான் கெஞ்சிக் கூத்தாடிப் பெயர் சேர்த்த பிள்ளைகளில் பதினேழு பேர் இருந்தார்கள். நான் சொன்னதைக் கேட்டு ஊரிலிருந்து பெயரை மாற்றிக்கொண்ட பிள்ளைகள். ஊரிலும் இல்லை, இங்கேயும் இல்லை. அந்தப் பதினேழு பேர் முகத்தில் நான் எப்படி முழிப்பது?

விடுதியில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரே ஒரு நாள் வந்திருந்தால் போதும். வார்டன் மணி அடித்தால் ஐந்து நிமிஷத்தில் நானூறு பேரும் மெஸ்ஸில் இருப்பார்கள். அதை யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. கல்லூரிச் சேர்க்கை நடக்கிற ஜூன், ஜூலையில் ஒரு பிள்ளையிடம் எத்தனை தாள் வாங்குகிறோம்! மாற்றுச் சான்று, சாதிச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், ரத்த வகை. அந்தக் கட்டோடு படிவம் 6-ஐயும் வைத்து, விடுதிச் சான்றைக் கல்லூரியே இணைத்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? 2022-லிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருடத்துக்கு நான்கு தகுதி நாள் வந்துவிட்டது. பதினேழு வயது முடிந்ததுமே விண்ணப்பிக்கலாம். சேர்க்கை நாளன்றே கொடுத்துவிட்டால் பதினெட்டு நிறைந்து தகுதி நாள் வந்ததும் பெயர் ஏறிவிடும். தேர்தலுக்கு முந்தைய வாரம் கல்லூரியில் ஓர் அறை, ஒரு மறைவுத் தட்டி, ஒரு பெட்டி, ஓர் அதிகாரி. எனக்குச் செய்ததைத்தான் கேட்கிறேன். அதற்குத் தேர்தல் விதியில் ஒரு திருத்தம் வேண்டும், தெரியும். 85 வயதுக்காரர்களுக்காகத் திருத்தினார்களே.

2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம் ஒன்றின் மாதிரியை அறிவித்தது. ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகள்வரை கையாளலாம் என்றார்கள். 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்துப் பேசினார்கள். கட்சிகள் ஆயிரம் சந்தேகம் கேட்டன. இயந்திரம் என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும், பதில் சொல்ல வேண்டியதுதான். ஆனால் சந்தேகம் கேட்டவர்களில் ஒருவராவது, 'சரி, இயந்திரம் வேண்டாம், காகிதத்திலாவது அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வழி செய்யுங்கள்' என்று பிடிவாதமாக நின்றார்களா? பிறகு அந்தப் பேச்சே அடங்கிப்போனது.

நேற்று மதியம் உறுதிமொழி முடிந்த கையோடு பிள்ளைகளை நூலகத்தில் உட்கார வைத்துப் படிவம் நிரப்பினேன். பெயர் விட்டுப்போன பதினேழு பேர், புதிதாகப் பதினெட்டு ஆனவர்கள் நாற்பத்தைந்து பேர், ஆக அறுபத்திரண்டு. இந்த முறை படிவம் 6 மட்டும் போதாது, ஓர் உறுதிமொழிப் படிவமும் சேர்க்க வேண்டும். அதில் பெற்றோர் பெயர் பழைய பட்டியலில் எந்தப் பாகத்தில் இருந்தது என்று எழுத வேண்டும். ஆளாளுக்கு வீட்டுக்குப் போன் போட்டார்கள். "அம்மா, பழைய லிஸ்ட்ல உன் பேரு எந்த ஊர்லம்மா இருந்துச்சு?" நூலகம் முழுக்க இதே கேள்வி. ஒரு பையனின் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் வேறு ஊர்ப் பட்டியலில் இருந்திருக்கிறார், தாத்தாவைக் கூப்பிட்டுத் தேடிக் கண்டுபிடித்தார்கள். தர்மபுரிப் பெண் எல்லோருக்கும் போனில் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு அறுபத்திரண்டும் தயார்.

முதல்வரின் கையெழுத்து அன்றைக்கே கிடைத்தது, அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கட்டைத் தூக்கிக்கொண்டு நாலே முக்காலுக்கு அலுவலகம் போனேன். கையெழுத்துக்குக் கீழே கல்லூரி முத்திரை வைக்க வேண்டும். முத்திரை இரும்பு அலமாரியில் இருக்கிறது. சாவி வைத்திருப்பவர் மூன்று மணிக்கே ஊருக்குப் போய்விட்டார்.

"எப்ப வருவாருங்க?" என்றேன்.

எழுத்தர் நாள்காட்டியைப் பார்த்தார். "நாளைக்கு சனி, ஆபீஸ் இல்லைங் மேடம். ஞாயிறு. திங்கள் குடியரசு தினம். செவ்வாய்க்கிழமை பாக்கலாங்க."